குட்டை இன டரன்டுலா வளர்ப்பு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சென்ற இதழின் செல்லப்பிராணிப் பகுதியில் உள்ளங்கைக்குள் அடங்கும் டரன்டுலா (ரோமம் அடர்ந்த சிலந்தி வகை) இனங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். டர்பன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க் பக்கமிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

14 வயது மகன் டரன்டுலா வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சின்ன இனம் என்றால் பராமரிப்பும் சுலபம் என்கிறான். உண்மையா? எதை வாங்கிக் கொடுக்கலாம்? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

இடம் குறைவு, தீனி குறைவு என்பது உண்மை. சுலபம் என்பது பாதிதான் உண்மை. வளர்ந்த குட்டை இனச் சிலந்தி ஒரு தொந்தரவும் தராது. குஞ்சுப் பருவம்தான் கண்டம். பெரிய இனங்கள் பலவற்றின் குஞ்சு விற்பனைக்கு வரும்போதே கால்வீச்சு, அதாவது கால்களை விரித்த நிலையில் குறுக்களவு, 1 செ.மீ. இருக்கும். சிரியோகாஸ்மஸ் என்ற குட்டை இனத்தின் குஞ்சோ கடுகளவுதான். அதற்குத் தீனி தேடுவதும், ஈரம் காப்பதும், அது உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுமே பெரும்பாடு. ஆகவே முதல் சிலந்தியாகக் குஞ்சு வாங்க வேண்டாம். கூடுதல் விலை கேட்டாலும் கால்வீச்சு 2.5 செ.மீ. தாண்டிய இளஞ்சிலந்தியாகப் பார்த்து வாங்குங்கள்.

இனம் என்று கேட்டால் எங்கள் முதல் பரிந்துரை, வியாபாரிகள் 'பம்ப்கின் பேட்ச்' என்று விற்கும் கொலம்பிய ஹாப்பலோபஸ். கறுப்பு வயிற்றில் ஆரஞ்சுத் திட்டுகள் இருக்கும். நன்றாகத் தின்னும், வேகமாக வளரும், வெளியேயும் உட்காரும். இதில் பெரியது, சிறியது என்று இரு வகை விற்கிறார்கள். பெரியது 10 செ.மீ. வரை வரும். அதனால் அது குட்டை இனம்தானா என்று சிலர் சண்டை போடுவார்கள், விட்டுத்தள்ளுங்கள். ட்ரினிடாட், வெனிசுவேலா பக்கத்து சிரியோகாஸ்மஸ் எலிகன்ஸ் 4, 5 செ.மீ.தான். புலிக்கோடு போட்ட அழகான சிலந்தி. ஆனால் நாள் முழுக்க வளைக்குள்ளேயே கிடக்கும். வெறும் மண் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்க 14 வயதுப் பையனுக்குப் பொறுமை இருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சாதுவான, மெதுவாக நகரும் சிலந்தி வேண்டுமென்றால் சிலி நாட்டு ஹோமியோம்மா சிலென்ஸே. 2018இல்தான் அதற்கு முறையான அறிவியல் பெயர் கிடைத்தது. கடைகளில் இன்னும் 'யூவாத்லஸ் ரெட்' என்றே சொல்வார்கள். வளர்ச்சி மிக மெதுவு, விலையும் அதிகம்.

நியோஹோலோதேலே இன்செய் வேண்டவே வேண்டாம். நல்ல சிலந்திதான், ஆனால் மின்னல் வேகம். மூடியைத் திறந்தால் அடுத்த நொடி முழங்கையில் இருக்கும்.

சிரியோகாஸ்மஸ் எலிகன்ஸ் குஞ்சு இரண்டு வாங்கினேன். தயிர் டப்பாவில் தேங்காய்நார்த் தூள் போட்டு, தினமும் தண்ணீர் ஸ்பிரே செய்தேன். பத்து நாளில் ஒன்று காலை மடக்கிச் செத்துவிட்டது. மற்றதைக் காணவே இல்லை. என்ன தவறு? (வாசகர், பீனிக்ஸ்)

காலை உள்பக்கமாக மடக்கிச் சாவது பெரும்பாலும் வறட்சியால்தான். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை இருக்கிறது. நீட்டுவதற்கு உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் போய்விடும், கால் தானாக மடங்கிக்கொள்ளும். உடல் எவ்வளவு சிறியதோ, அதன் எடைக்கு மேற்பரப்பு அவ்வளவு அதிகம், நீரும் அவ்வளவு வேகமாக ஆவியாகும். வளர்ந்த சிலந்தி வாரக்கணக்கில் தாங்கும் வறட்சியை 3 மி.மீ. குஞ்சு இரண்டு நாள்கூடத் தாங்காது.

'தினமும் ஸ்பிரே செய்தேனே' என்பீர்கள். தவறே அங்கேதான். ஸ்பிரே மேல்மண்ணை மட்டும் நனைக்கும். இரண்டு மணி நேரத்தில் அது காய்ந்துவிடும், கீழே குஞ்சு தோண்டி உட்காரும் இடம் பொரிபொரியாக வறண்டே கிடக்கும். இதைத் தெரிந்துகொள்ள டப்பாவைப் பக்கவாட்டில் பார்த்தால் போதும். ஈரமான நார்த்தூள் கரும்பழுப்பாக இருக்கும், காய்ந்தது வெளிர்பழுப்பு. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு எப்போதும் கரும்பழுப்பாக இருக்க வேண்டும். மேலே காய்ந்திருந்தால் கவலையில்லை. அதனால்தான் ஒளி ஊடுருவும் டப்பாவே வேண்டும் என்கிறோம். தயிர் டப்பா தோதுப்படாது.

டப்பாவின் அளவும் அதிகம். குஞ்சுக்கு 30 முதல் 60 மில்லி போதும், கடைகளில் சாஸ் ஊற்றித் தரும் மூடி போட்ட சின்னக் கப் சரியாக இருக்கும். பெரிய டப்பாவில் தீனி ஒரு மூலையில், குஞ்சு வேறொரு மூலையில் என்று ஆகிவிடும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, கப்பின் மேல்பாகத்தில் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு துளை குத்துங்கள். உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். உருகிய பிளாஸ்டிக் பிசிறு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் காலை அறுக்கும். துளை 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். தலைமார்புப் பகுதி நுழையும் துளை எதுவானாலும் அதன் வழியே சிலந்தி முழுதாக வெளியேறிவிடும். வயிறு மெத்தென்றிருப்பதால் அது பின்னாலேயே இழுபட்டு வந்துவிடும்.

நார்த்தூள் கட்டியை ஊறவைத்து ஒருமுறை அலசிப் பிழியுங்கள். மலிவான கட்டிகளில் உப்பு இருக்கும். கைப்பிடியளவு எடுத்து இறுக்கிப் பிடித்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கையை விரித்தால் உருண்டை உதிரவும் கூடாது. அதுதான் பதம். தொட்டிச்செடிக்கு விற்கும் உரம் கலந்த மண்ணைத் தொடவே வேண்டாம். கப்பில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி விரலால் நன்றாக அழுத்துங்கள். தளர்வாக விட்டால் வளை இடிந்து விழும். பென்சில் முனையால் சுவரை ஒட்டிச் சாய்வாக 2 செ.மீ. ஆழத்துக்கு ஒரு துளை போட்டுவிடுங்கள். பெரும்பாலும் குஞ்சு அதையே பிடித்துத் தன் வளையாக்கிக்கொள்ளும், உங்களுக்கும் சுவர் வழியே உள்ளே தெரியும்.

தண்ணீர் விடுவதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வளைக்கு எதிர்மூலையில், குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவை வெட்டி அடிவரை செருகிவிடுங்கள். சொட்டுக்குழாயால் அதற்குள் 1 மில்லி விட்டால் தண்ணீர் நேராக அடிக்குப் போகும். ஸ்ட்ராவின் மேல்வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு அதற்குள் இறங்கிவிடும். டர்பன் கோடையில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை போதும். அடிநிறம் வெளுத்தால் விடுங்கள், வெளுக்காவிட்டால் விடாதீர்கள், நாள்கணக்கு வேண்டாம். ஸ்ட்ரா பக்கத்தில் ஒரு சிட்டிகை ஸ்பாக்னம் பாசி வைத்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டால் குஞ்சு அதில் குடித்துக்கொள்ளும்.

காணாமல் போன இரண்டாவது குஞ்சின் டப்பாவைக் கொட்டிவிடவில்லையே? மண்ணுக்குள் மூடிக்கொண்டு சட்டை உரிக்கத் தயாராகிக்கொண்டிருக்கலாம். அடியில் ஈரம் காத்து, வாரம் ஒருமுறை மாவுப்புழுத் துண்டு ஒன்றை மேலே வையுங்கள். ஆறு வாரத்தில் ஒருமுறைகூடத் துண்டு நகரவில்லை, புதுவலை தெரியவில்லை என்றால் மட்டும் வெள்ளைத்தாளில் கொட்டித் தேடுங்கள்.

கடையில் கிடைக்கும் மிகச்சிறிய சில்வண்டே குஞ்சைவிடப் பெரிதாக இருக்கிறது. பழ ஈ கிடைப்பதில்லை. என்ன கொடுப்பது? (வாசகர், வெருலம்)

செத்த தீனியே போதும். பழக்கமில்லாதவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது. ஆனால் பெரும்பாலான குஞ்சுகள் அசையாத தீனியைத் தேடி வந்து தின்னும். மாவுப்புழு ஒன்றின் தலையை நசுக்கி, நடுவில் 2, 3 மி.மீ. துண்டாக வெட்டி, சாறு தெரியும் பக்கம் மேலே இருக்கும்படி வளைவாயருகே வையுங்கள். சில்வண்டின் பின்னங்காலும் நல்ல தீனிதான். துண்டை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். விட்டால் பூஞ்சை பிடிக்கும், உண்ணிகள் வரும். வாரம் இரண்டு முறை கொடுங்கள். வயிறு தலைமார்பைவிட ஒன்றரை மடங்கு பெருத்தால் வாரம் ஒன்றாகக் குறையுங்கள்.

உயிர்த்தீனிதான் வேண்டும் என்றால் பறக்காத பழ ஈயை ஒருமுறை யாரிடமாவது வாங்கிவிட்டால் வீட்டிலேயே பெருக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்து, ஓட்ஸ் மூன்று மேசைக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, ஈஸ்ட் ஒரு சிட்டிகை சேருங்கள். கலவை, புட்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் இருக்க வேண்டும். ஈக்கள் ஏறி நிற்கக் கசக்கிய காகிதம் கொஞ்சம் செருகி, வாயைத் துணியால் கட்டுங்கள். டிரசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற சிறிய வகை 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் புது ஈயைத் தரும். பழையது நின்றுபோகும் முன் புதுப்புட்டி போட்டுவிட வேண்டும். பழக்கூடையில் மொய்க்கும் காட்டு ஈயைப் பிடித்துப் போடாதீர்கள். அது பறந்துபோகும் என்பதைவிட, எந்த மருந்தைத் தொட்டுவிட்டு வந்தது என்பது தெரியாது.

தீனியின் நீளம் சிலந்தியின் உடல்நீளத்துக்கு மேல் போகக் கூடாது. வளர்ந்த சிலந்திக்கு ரெட் ரன்னர் கரப்பானின் இளசுகள் அருமை. சில்வண்டுபோல நாறாது, கத்தாது.

லெனேசியாவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கை விறைக்கிறது. சூட்டுப்பாய் வாங்க வேண்டுமா? கரண்ட் போனால் என்ன செய்வது? (வாசகர், ஜோஹன்னஸ்பர்க்)

20 முதல் 27 பாகை வரை இந்தச் சிலந்திகளுக்கு நிம்மதி. இரவில் 17, 18க்கு இறங்கினாலும் சாகாது. தின்பது குறையும், வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவே. டர்பன், டோங்காட் பக்கம் சூடேற்ற வேண்டிய தேவையே இல்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள உங்கள் ஊரில் ஜூன், ஜூலை கணக்கு வேறு. அங்கே குளிரைவிடக் கொல்வது வறட்சி. கோடைமழைப் பகுதியானதால் குளிர்காலக் காற்றில் ஈரமே இருக்காது, போதாததற்கு வீட்டில் ஹீட்டரும் போடுவீர்கள்.

சூட்டுப்பாயை டப்பாவுக்கு அடியில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சிலந்தி சூட்டிலிருந்து தப்பக் கீழே தோண்டும், இங்கோ கீழே போகப்போகச் சூடு கூடும். அடிமண் முதலில் காய்ந்துபோகும். பெரிய தெர்மகோல் பெட்டி ஒன்றின் உட்பக்கச் சுவர் ஒன்றில் பாயை ஒட்டி, தெர்மோஸ்டாட்டை 24இல் வைத்து, டப்பாக்களைப் பாயிலிருந்து ஒரு கையகலம் தள்ளி அடுக்குங்கள். தெர்மோஸ்டாட்டின் உணரி முனை டப்பாக்களுக்கு நடுவே இருக்கட்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் பாயைச் செருகுவதற்குப் பேசாமல் இருந்துவிடலாம். பெட்டிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தால் வறட்சி குறையும்.

லோட் ஷெடிங் இரண்டு, நான்கு மணி நேரம் என்றால் மூடிய தெர்மகோல் பெட்டி தானே சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரவு முழுக்கப் போனால் 2 லிட்டர் புட்டியில் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். கொதிநீர் வேண்டாம். கரண்ட் திரும்பி வந்ததும் தெர்மோஸ்டாட் பழைய அளவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், மலிவான சிலது எல்லாவற்றையும் மறந்துவிடும்.

என் சிலந்தி வளைவாயை மண்ணால் அடைத்துக்கொண்டு ஐந்து வாரம் ஆகிறது. தோண்டிப் பார்க்கலாமா? (வாசகி, லேடிஸ்மித்)

கூடாது. அடிமண் ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். சட்டை உரிக்குமுன் சிலந்தி தீனியை மறுக்கும், வயிறு பளபளத்துக் கறுக்கும், பிறகு கதவடைப்பு. குஞ்சுக்கு ஓரிரு வாரம், வளர்ந்ததற்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். உள்ளே அது மல்லாந்து படுத்து உரிக்கும். அந்த நிலையில் பார்த்துச் 'செத்துவிட்டது' என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. மல்லாந்து கிடந்தால் உரிக்கிறது. நிமிர்ந்தபடி காலை அடியில் சுருட்டிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. அப்போது ஒரு சின்ன மூடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிலந்தியின் வாய்ப்பகுதி மட்டும் தண்ணீரில் படும்படி அதைச் சாய்த்து வையுங்கள். வயிற்றின் அடிப்பக்கம் நனையக் கூடாது, சுவாசிக்கும் உறுப்பு அங்கேதான்.

உரித்தபின் கோரைப்பல் வெள்ளையாக, பிறகு செம்பழுப்பாக, கடைசியில் கறுப்பாக மாறும். கறுக்குமுன் தீனி கொடுத்தால் பல் வளையும். குஞ்சுக்கு நாலைந்து நாள், வளர்ந்ததற்குக் குறைந்தது பத்து நாள் பொறுங்கள். கதவடைத்த சிலந்தியின் டப்பாவில் உயிரோடு சில்வண்டை விட்டுவைக்காதீர்கள். உடல் மெத்தென்றிருக்கும் நேரத்தில் அது சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும்.

பழைய சட்டையில் கால் மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்க வேண்டாம். மெல்லிய தூரிகையை வெதுவெதுப்பான நீரில் தோய்த்து அந்த இடத்தை மட்டும் நனைத்துவிட்டு விலகிவிடுங்கள். ஒரு கால் போனாலும் அடுத்தடுத்த உரிப்புகளில் திரும்ப முளைக்கும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம், கொசுச்சுருள் கொளுத்துவோம். சிலந்திக்கு ஆகுமா? (வாசகி, ஐசிபிங்கோ)

கொசுச்சுருள் ஆகவே ஆகாது. அதிலும் டூம் போன்ற தெளிப்பான்களிலும் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் பூச்சிக்கு மட்டுமல்ல, சிலந்திக்கும் நஞ்சு. கால் வெட்டிவெட்டி இழுக்க, தட்டுத்தடுமாறி நடந்தால் மருந்து பட்டிருக்கலாம் என்று பொருள். அதற்கு மாற்றுமருந்து இல்லை. உடனே புது டப்பா, புது மண், காற்றோட்டம், குடிக்கத் தண்ணீர், வேறு வழியில்லை. வீட்டுக்குக் கரப்பான் மருந்து அடிக்க ஆள் வந்தால் டப்பாக்களை இரண்டு வாரத்துக்கு வேறு வீட்டில் வையுங்கள்.

சாம்பிராணியும் கற்பூரமும் அந்த வகை நஞ்சல்ல. ஆனாலும் பூட்டிய பூஜையறையில் புகைமூட்டத்துக்குள் டப்பாவை வைக்காதீர்கள், வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். பலர் யோசிக்காத இன்னொன்று, நாய்க்குத் தெள்ளு மருந்து போட்ட கை. அதைத் தடவிக்கொடுத்த கையோடு டப்பாவுக்குள் கை விடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பண்ணை நிலத்தில் பபூன் சிலந்தி நிறைய இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவானேன், ஒன்றைப் பிடித்து வளர்த்தால் என்ன? (வாசகர், டோங்காட்)

சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்க டரன்டுலாக்களான பபூன் சிலந்திகளில் செரடோகைரஸ், ஹார்பாக்டிரா, டெரினோகைலஸ் ஆகிய மூன்று பேரினங்களும் 1987இலேயே பழைய டிரான்ஸ்வால் மாகாணச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. 2007இல் தேசிய அளவிலான பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தன. அனுமதிப் பத்திரம் இல்லாமல் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது, ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது எதுவும் கூடாது. இது எந்தப் பேரினம், அது எந்தப் பேரினம் என்று வளைவாயில் நின்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே எதையும் தொடாமலிருப்பதே சரி. குவாசுலு-நடாலில் சந்தேகம் இருந்தால் எசெம்வெலோ வனவிலங்கு அலுவலகத்தில் கேளுங்கள். கடையில் வாங்கும் வெளிநாட்டு இனத்துக்கும் ரசீது வாங்கி, விற்பவரிடம் உரிய தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வையுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்நாட்டுச் சிறிய பபூன் சிலந்திகளில் ஹார்பாக்டிரெல்லாவின் கடி எரிச்சலும் வாந்தியும் உண்டாக்கியதாக 1930களிலேயே மருத்துவப் பதிவு உண்டு. சின்னதுதானே என்று கையில் எடுப்பதற்கு அது ஆளல்ல.

எங்கள் ஆயா பயப்படுகிறார். கடித்தால் உயிருக்கு ஆபத்தா? (வாசகி, டோங்காட்)

இல்லை என்று ஆயாவிடம் சொல்லுங்கள். தென் அமெரிக்கக் குட்டை இனங்களின் கடி சிறு வலியோடு முடியும். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ அது ஒவ்வாமை, மருத்துவமனைக்குப் போங்கள். கடியைவிடத் தொல்லை, ஹாப்பலோபஸ், சிரியோகாஸ்மஸ் போன்றவை வயிற்றிலிருந்து உதிர்க்கும் சுணை. தோலில் பட்டால் செல்லோடேப்பை ஒட்டி உரித்து எடுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீரால் அலசிக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். சுணை கண்ணின் முன்படலத்தில் (கார்னியா) தைத்துக்கொண்டால் தானாக வராது. டப்பா சுத்தம் செய்யும்போது முகத்தை மேலே கவிழ்க்காதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

ஒரே டப்பாவில் நாலைந்து வளர்க்கலாம் என்கிறார்களே? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எல்லா இனத்தையும் அல்ல. குட்டை இனங்களில் டான்சானியா நாட்டு ஹெட்டெரோதேலே வில்லோசெல்லா, முன்பு சொன்ன நியோஹோலோதேலே இன்செய் இரண்டும் கூட்டமாக வளர்க்கப்படுகின்றன. இன்செய்யைச் சில கடைகளில் இன்னும் ஹோலோதேலே என்ற பழைய பெயரில் விற்பார்கள். 2015இல் பெயர் மாறியது, சிலந்தி அதேதான். ஒரே முட்டைப்பையில் பிறந்தவற்றை, ஒரே அளவில், ஒரே நாளில் உள்ளே விட வேண்டும். பிறகு வெளியிலிருந்து ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது. ஆறு குஞ்சுக்கு 20 செ.மீ. நீள அகலமுள்ள பெட்டி, 8 செ.மீ. மண், வலை கட்ட ஏராளமான கார்க் பட்டைத் துண்டுகள். தீனியைச் சிறியதாக, பல இடங்களில், வாரம் மூன்று முறை போடுங்கள். பசித்தால் சகோதர பாசம் போய்விடும். எத்தனை கவனம் எடுத்தாலும் ஒன்றிரண்டு தின்னப்படலாம். அதை ஏற்க மனமில்லாதவர் தனித்தனியாக வைப்பதே நல்லது. சிரியோகாஸ்மஸ், ஹாப்பலோபஸ் இரண்டும் தனிக்காட்டு ராஜா.

மண்ணில் வெள்ளைப்பொட்டுகள் ஊர்கின்றன. ஆபத்தா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஒரு தூரிகையால் தொட்டுப் பாருங்கள். துள்ளிக் குதித்தால் ஸ்பிரிங்டெயில். பூஞ்சையையும் அழுகலையும் தின்னும், காசு கொடுத்துக்கூட வாங்கி விடுவார்கள். துள்ளாமல் மெதுவாக, உருண்டையாக ஊர்ந்தால் உண்ணி. மிச்சத் தீனியாலும் ஈரம் மிகுந்ததாலும் வந்திருக்கும். சிலந்தியைப் புது டப்பாவுக்கு மாற்றி, பழைய மண்ணை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். வாயைச் சுற்றி வெள்ளையாகப் பிசுபிசுத்து, நாற்றமடித்து, தீனியைத் தொடாமல் இருந்தால் நூற்புழு நோய். குணப்படுத்த முடியாது, தொற்றும். அந்த டப்பாவுக்குப் பயன்படுத்திய சாமணம், தூரிகை எதையும் மற்றவற்றில் பயன்படுத்தாதீர்கள். தீனிப்பூச்சியை வீட்டுத் தோட்டத்தில் பிடித்துப் போடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றரை வயதுச் சிலந்தி திடீரென்று தீனியை விட்டு, இரவெல்லாம் சுற்றுகிறது. கால் நீண்டு, உடல் மெலிந்துவிட்டது. நோயா? (வாசகர், பீனிக்ஸ்)

நோயில்லை, வயதுக்கு வந்த ஆண். வாயருகே உள்ள உணர்கால் நுனி குத்துச்சண்டைக் கையுறை போட்டதுபோல் உருண்டிருக்கும், பாருங்கள். பெண் தேடி அலைகிறது. இன்னும் சில மாதமே இருக்கும். தண்ணீர் மட்டும் தவறாமல் வையுங்கள். பெண் வைத்திருப்பவர் கேட்டால் கொடுத்துவிடலாம். அடுத்தமுறை முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் உரித்த சட்டையை எறியாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த நீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியைத் தூரிகையால் விரித்து, முன்பக்கத்தில் புத்தக நுரையீரல் எனப்படும் இரு சுவாச உறுப்புகளின் தடங்களுக்கு நடுவே உருப்பெருக்கியில் பாருங்கள். மடல்போல் ஓர் உறுப்பு துருத்தியிருந்தால் பெண். கால்வீச்சு 2 செ.மீ.க்குக் குறைவான குஞ்சின் சட்டையைப் பார்த்து ஆண் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம், உறுப்பு இன்னும் வளராமலிருக்கலாம்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு சிலந்தியைக் கூரியரில் வரவழைக்கிறேன். அனுப்புபவரிடம் என்ன சொல்ல வேண்டும்? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

உயிரினத்தை ஏற்றும் கூரியரா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு ஐந்து நாள் முன்பே தீனியை நிறுத்த வேண்டும். வயிறு புடைத்த சிலந்தி அதிர்வில் வெடிக்கக்கூடும். கறுத்துப் பளபளக்கும் வயிறு என்றால் உரிக்கப்போகிறது, அனுப்பவே கூடாது. துளையிட்ட சின்னக் குப்பியில், ஈரமாக்கிப் பிழிந்த காகிதத் துண்டை மேலும் கீழும் வைத்து, சிலந்தி உருளாதபடி மெத்தென்று அடைக்க வேண்டும். குப்பியைச் சுற்றித் தெர்மகோல் பெட்டி. திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் வார இறுதி முழுக்கக் கிடங்கில் கிடக்கும்.

வந்ததும் குப்பியைக் குளியல்தொட்டிக்குள் அல்லது பெரிய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்துத் திறங்கள், வடிகாலை அடைத்துவிட்டு. தூரிகையால் பின்னங்காலை மெதுவாகத் தொட்டால் முன்னால் ஓடும், முன்னால் புது டப்பாவின் வாய் இருக்க வேண்டும். ஊதாதீர்கள், மூச்சுக்காற்று பட்டால் மிரண்டு ஓடும். முதல் நாள் தண்ணீர் மட்டும். தீனி ஐந்தாறு நாள் கழித்துப் போதும், அதுவும் வளைதோண்டத் தொடங்கியிருந்தால்.